பூட்டுப் படமா, தேடலா, ஏஐயா: ஒரு தளத்தை நம்பலாமா என்று பார்க்க எந்த வழி தேறும்?

போன வருடம் என் சித்தப்பா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தார். கூகுளில் தேடினார், மேலே வந்த முதல் தளத்தைத் திறந்தார், அசோகச் சின்னம் மாதிரி ஒரு படம், மூவர்ணப் பட்டை, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு என்று எல்லாம் லட்சணமாக இருக்கவே விவரங்களை நிரப்பி 2,900 ரூபாய் கட்டினார். இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு "அப்பாயின்ட்மென்ட் தேதியே வரலைப்பா" என்றார். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசு வாங்குவது 1,500 ரூபாய்தான். அவர் கட்டியது யாருக்கு என்று இன்று வரை தெரியவில்லை.

எனக்கு உறைத்தது பணம் போனதைவிட அவர் சொன்ன ஒரு வார்த்தைதான். "பூட்டு இருந்துச்சே, பார்த்துட்டுத்தானே கட்டினேன்" என்றார். உண்மைதான், மனிதர் கவனமில்லாமல் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ (நானாகவே இருக்கலாம்) சொல்லிக்கொடுத்தபடி பூட்டைப் பார்த்திருக்கிறார், தளம் நேர்த்தியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார், தொடர்பு எண் இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறார். சோதித்துவிட்டுத்தான் ஏமாந்தார், சோதித்த வழிதான் பழசு.

அப்புறம்தான், ஒரு தளத்தையோ தகவலையோ நம்பலாமா என்று பார்க்க நம் ஆட்கள் கையாளும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சோதனைக்கு மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டேன், மூன்றும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உண்மையிலேயே வந்தவை. ஒன்று, பணம் போகும் ரகம்: சித்தப்பாவின் பாஸ்போர்ட் தளம். இரண்டு, உடம்பு கெடும் ரகம்: முள்சீத்தாப் பழம் கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்று சொல்லும் பக்கம். மூன்று, ஒன்றும் போகாத, ஆனால் மானம் போகக்கூடிய ரகம்: திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே திகைத்தது என்ற கதை. அதன் கூடவே, சுவிட்சர்லாந்தில் செர்ன் அணு ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில் நடராஜர் சிலை இருக்கிறது என்று இன்னொரு செய்தியும் வந்தது. அதையும் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பக்கத்தையே உற்றுப் பார்ப்பது

பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் சொல்லிக்கொடுத்தது இதுதான். அமெரிக்காவில் சிக்கோ நகரத்துப் பல்கலைக்கழக நூலகர் ஒருவர் 2004இல் உண்டாக்கிய ஒரு பட்டியல் உலகம் முழுக்கப் பரவியது: தகவல் எவ்வளவு புதியது, நம் தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், துல்லியமா, எதற்காக எழுதினார்கள் என்று ஐந்து கேள்வி. கேள்விகளில் குற்றமே இல்லை. ஆனால் பதிலை எங்கே தேடச் சொன்னார்கள் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே. திருடனிடமே "நீ திருடனா" என்று கேட்டு, அவன் சட்டை மடிப்பு கலையாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்கிற மாதிரி.

2004இல் அது ஓரளவு வேலை செய்திருக்கும், ஒரு நேர்த்தியான தளம் கட்டப் பணமும் ஆளும் வேண்டியிருந்த காலம். இப்போது அரை நாள் போதும். 2022இல் ஐரோப்பாவில் ஒரு கும்பல் டெர் ஸ்பீகல், லெ மோந்த், கார்டியன் போன்ற பத்திரிகைகளின் தளங்களை அச்சு அசலாக நகலெடுத்து ரஷ்யாவுக்குச் சாதகமான பொய்ச் செய்திகளைப் போட்டது. அதே எழுத்துரு, அதே வண்ணம், பக்கத்தில் இருக்கும் மற்ற இணைப்புகளை அழுத்தினால் உண்மையான பத்திரிகைக்கே கொண்டுபோய் விட்டது. முகவரியின் வால் மட்டும் வேறு, லெ மோந்த் டாட் எல்டிடி என்று இருந்தது. வடிவமைப்பைப் பார்த்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சித்தப்பாவை ஏமாற்றியது அதுதான். அந்தப் பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லவே இல்லை. திருடனிடம் ரகசியமாகப் பேசலாம், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, சில நிமிட வேலை, அதனால் மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. மக்கள் இதைத் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லித்தான் கூகுள் 2023இல் குரோமிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. படம் போய்விட்டது, பாடம் மட்டும் எல்லார் மனதிலும் நிற்கிறது.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்பது இன்னொரு பழைய பாடம். தமிழில் இது தலைகீழாகிவிட்டது என்பேன். உண்மையான அரசுப் பக்கங்கள் சிலவற்றின் தமிழைப் பாருங்கள், இயந்திரம் மென்று துப்பியதுபோல இருக்கும். போலித் தளத்துக்காரன் ஏஐயிடம் எழுதி வாங்கி அழகான தமிழில் போட்டிருப்பான். "எங்களைப் பற்றி" பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே கதைதான், அதை எழுதுவது அவர்களேதான்.

பக்கத்தில் பார்க்கத் தகுந்தது என்று நான் மிச்சம் வைப்பது ஒன்றைத்தான்: முகவரி. அதையும் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடியுங்கள், அங்கிருந்து இடப்பக்கம் பின்னோக்கிப் படியுங்கள். கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் வீட்டுச் சொந்தக்காரர் பெயர். "பாஸ்போர்ட் டாட் கவ் டாட் இன் டாட் ஏதோஒன்று டாட் காம்" என்றால் அது ஏதோஒன்று டாட் காமின் வீடு, முன்னால் இருக்கும் கவ் டாட் இன் எல்லாம் வாசலில் மாட்டிய பலகை. கவ் டாட் இன் என்று முடியும் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும், அதனால் அந்த வால் ஒரு நல்ல அடையாளம். வங்கிகளுக்கும் இப்போது அப்படி ஒன்று வந்திருக்கிறது: 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதனால் வங்கிப் பெயரில் வரும் இணைப்பு வேறு எப்படியாவது முடிந்தால் அங்கேயே நிற்கலாம். டாட் ஆர்க் என்றால் தொண்டு நிறுவனம், நம்பலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அது வேண்டாம். டாட் ஆர்க்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மார்ட்டின் லூதர் கிங் பெயரிலேயே டாட் ஆர்க் வைத்து, அவரை இழிவுபடுத்தும் தளத்தை ஒரு வெள்ளை இனவெறிக் கும்பல் ஏறக்குறைய இருபது வருடம் நடத்தியது, பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு அதைப் படித்தார்கள்.

கவ் டாட் இன் என்றாலும் நூற்றுக்கு நூறு இல்லை, அரசுத் தளங்களின் உள்பக்கங்களில் சூதாட்டத் தள இணைப்புகளை நுழைத்துவிட்ட சம்பவங்கள் இருக்கின்றன. ஆனாலும் என் சோதனையில் பாஸ்போர்ட்டுக்கு முகவரி ஒன்றே போதுமானதாக இருந்தது, இரண்டு விநாடி வேலை. முள்சீத்தாவுக்கும் திருநள்ளாறுக்கும் இதனால் ஒரு உபயோகமும் இல்லை. நல்ல முகவரியில் இருப்பவரும் கதை விடலாமே.

பக்கத்தை விட்டு வெளியே போவது

இதுதான் நான் கடைசியில் சாய்ந்த வழி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பையே தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர் என்று 45 பேரைக் கணினி முன் உட்கார வைத்து, சில தளங்களைக் கொடுத்து எது நம்பகமானது என்று கேட்டார்கள். கொடுத்ததில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளுடையவை, பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஒன்று 1930இல் தொடங்கிய, பல பத்தாயிரம் மருத்துவர்கள் உறுப்பினராக உள்ள அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். இன்னொன்று, ஒருபாலினத் தம்பதியர் குழந்தை தத்தெடுப்பதை எதிர்த்து 2002இல் பிரிந்துபோன சிறு குழு, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள். வரலாற்றறிஞர்களில் பாதிப் பேரால்தான் முடிந்தது, மாணவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறு குழுவையே அதிக நம்பகமானது என்று எழுதினார்கள்.

இத்தனைக்கும் வரலாற்றறிஞர்கள் ஆவணங்களைச் சலித்துப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை நிதானமாக, நல்ல மாணவன்போலப் படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில விநாடிகளிலேயே பக்கத்தை விட்டு ஓடிவிட்டார்கள். அருகிலேயே புதுத் தாவல்களை (டேப்) திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அதனால் அவர்கள் குறைவாகப் படித்தார்கள், சீக்கிரம் முடித்தார்கள், சரியாகவும் சொன்னார்கள். பெண் பார்க்கப் போகும்போது அந்த வீட்டுக் காபியை வைத்தா முடிவு செய்கிறோம், அந்தத் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்கிறோம் இல்லையா, அதுதான்.

இன்னொரு சின்னப் பழக்கமும் அவர்களிடம் இருந்தது, எனக்கு மிகப் பயன்பட்டது இது. தேடல் முடிவுகள் வந்தவுடன் முதல் இணைப்பை அழுத்தவில்லை. கொஞ்சம் கீழே வரை இறங்கி, யார் யார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றின் கீழும் இருக்கும் இரண்டு வரி என்ன என்று பார்த்துவிட்டு அப்புறம் அழுத்தினார்கள். சித்தப்பா இதைச் செய்திருந்தால், அவர் அழுத்திய முதல் முடிவுக்கு மேலே விளம்பரம் என்று சிறிதாக எழுதியிருந்ததைக் கவனித்திருப்பார். காசு கொடுத்தால் யாரும் அந்த இடத்துக்கு வரலாம்.

இந்த வழிக்கு ஒரு ஓட்டை இருக்கிறது, தமிழில் தேடுபவர்களுக்கு அது பெரிய ஓட்டை. திருநள்ளாறு கதையை வந்த வாக்கியத்தை அப்படியே போட்டுத் தமிழில் தேடிப் பாருங்கள். பக்திப் பக்கங்கள், ஜோதிடப் பக்கங்கள், யூடியூப் காணொளிகள் என்று வரிசையாக வரும், எல்லாம் ஒரே கதை, சில இடங்களில் ஒரே எழுத்துப் பிழைகூட. இருபது பேர் சொல்கிறார்களே என்று தோன்றும். இருபது பேர் இல்லை, ஒருவர் சொன்னதை பத்தொன்பது பேர் நகலெடுத்தது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை, 2023 இறுதியில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், பொய்ச் செய்தியைப் படித்துவிட்டு இணையத்தில் தேடியவர்களுக்கு, தேடாதவர்களைவிட, அதை உண்மை என்று நம்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. செய்தியின் சொற்களையே போட்டுத் தேடினால் அதே சேற்றில்தான் மறுபடி கால் வைக்கிறோம்.

அதனால் நான் தேடும் விதத்தை மாற்றிக்கொண்டேன். செய்தியைத் தேடுவதில்லை, சொன்ன ஆளைத் தேடுகிறேன், தளத்தின் பெயரைப் போட்டு "மோசடி" அல்லது "புகார்" என்று சேர்க்கிறேன், மருத்துவம், அறிவியல் என்றால் ஆங்கிலத்திலும் ஒரு தடவை. தமிழில் ஒன்றும் கிடைக்காத விஷயத்துக்கு ஆங்கிலத்தில் பத்து நல்ல பக்கங்கள் இருக்கும், வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத என் பெரியம்மாவுக்கு இந்த யோசனை உதவாது என்பதும் தெரிகிறது, அவருக்கு அடுத்த வழிதான்.

சரிபார்ப்புத் தளங்களை நம்புவது

தமிழில் யூடர்ன், ஃபேக்ட் கிரசெண்டோ, நியூஸ்செக்கர் எல்லாம் இருக்கின்றன. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் (பிஐபி) ஒரு சரிபார்ப்புப் பிரிவு 2019இலிருந்து இருக்கிறது, தமிழ்நாடு அரசும் 2023இல் ஒன்றை அமைத்தது. பரவலாகச் சுற்றும் பழைய கதை என்றால் இதுதான் மலிவான வழி, யாரோ ஏற்கெனவே உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள், நாம் போய் எடுத்துக்கொள்கிறோம். திருநள்ளாறு கதையை உடைத்துப் போட்ட கட்டுரைகளும் கிடைக்கின்றன.

ஆனால் போன வாரம் முளைத்த பாஸ்போர்ட் தளத்தைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வைரலானால்தான் அவர்கள் கைக்கு வரும், வைரலாகும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். அரசின் பிரிவுகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு வரையறை உண்டு. அரசுத் திட்டம், அரசு வேலை, அரசு உதவித்தொகை பற்றிய வதந்தி என்றால் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வேன், அரசை விமர்சிக்கும் செய்தியைப் பொய் என்று அரசே முத்திரை குத்தினால் இன்னொரு இடத்திலும் பார்ப்பேன். தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று மத்திய அரசின் பிரிவே தீர்மானிக்க வழிசெய்த 2023ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்ததும் ஏறக்குறைய இந்தக் கவலையால்தான்.

வேர் வரை போவது

நேரம் தின்னும் வழி. ஆனால் மூன்று சோதனையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான், அதுவும் முள்சீத்தாவில்.

"பத்தாயிரம் மடங்கு" என்ற எண்ணை யார் முதலில் சொன்னார்கள் என்று தேடிக்கொண்டே போனேன். முழுப் புளுகாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்டது. முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த சிஸ்-அனோனாசின் என்ற பொருள், கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த ஒரு குறிப்பிட்ட வகைப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களை அழிப்பதில், அட்ரியாமைசின் என்ற மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம் காட்டியது. எண் உண்மை. மற்றதெல்லாம் உருமாறிவிட்டது. விதை பழமாகி, பழம் இலைக் கஷாயமாகி, பிரித்தெடுத்த ஒரு பொருள் ஜூஸாகி, ஒரு வகைச் செல் "எல்லாப் புற்றுநோயும்" ஆகி, கண்ணாடிக் கிண்ணம் மனித உடம்பாகி, ஒரு மருந்து மொத்தக் கீமோதெரபியும் ஆகிவிட்டது. கிண்ணத்தில் உள்ள செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை, பினாயில் ஊற்றினாலும் சாகும். உடம்பில் மற்ற செல்களை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்ல வேண்டுமே, அங்கேதான் வருடக்கணக்கான வேலை இருக்கிறது, மனிதர்களிடம் சோதித்து முள்சீத்தா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிறுவிய ஆய்வு எதுவும் இல்லை.

அதோடு விடவில்லை. அந்த வகைப் பொருள்கள் நரம்பு செல்களையும் தாக்கும். கரீபியன் தீவான குவாடலூப்பில் வழக்கத்துக்கு மாறான ஒரு வகைப் பார்க்கின்சன் நோய் ஏன் இவ்வளவு அதிகம் என்று ஆராய்ந்தவர்கள், அங்கே மக்கள் நிறையச் சாப்பிடும் இந்தக் குடும்பத்துப் பழங்களுக்கும் இலைத் தேநீருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதாவது ஃபார்வர்டு மெசேஜ் "பக்க விளைவே இல்லை" என்று சொன்ன இடத்தில்தான் கவலைப்பட வேண்டிய விஷயம் இருந்தது. இதெல்லாம் பொய் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கியிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது, முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடித்துவந்த பெரியம்மாவிடம் பேசவும் வாய் இருந்திருக்காது. "அது பொய்" என்றால் "உனக்கென்ன தெரியும், அமெரிக்காவிலேயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்பார், சரியாகவே சொல்லியிருப்பார். "ஆராய்ச்சி உண்டு பெரியம்மா, ஆனா அது விதையில, கிண்ணத்துல" என்று சொன்னபோதுதான் காது கொடுத்தார்.

திருநள்ளாறுக்கு வேரே கிடைக்காது. எந்தச் செயற்கைக்கோள், எந்த வருடம், நாசாவில் யார் சொன்னது, எதுவும் இல்லை, "நாசா விஞ்ஞானிகள்" என்பதோடு நின்றுவிடும். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில்தான் அது கீழே விழாமல் இருக்கிறது. மூன்று விநாடி நின்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்ப அதென்ன காரைக்கால் டவுன் பஸ்ஸா. வேர் இல்லாததே இங்கே பதில்.

செர்ன் நடராஜருக்கு வருவோம். இதே குழுவில், இதே நாளில், திருநள்ளாறு கதையை அனுப்பிய அதே மாமா அனுப்பியதால் இதுவும் கட்டுக்கதை என்று முதலில் சிரித்தேன். செர்னின் சொந்தத் தளத்திலேயே பதில் இருக்கிறது: இந்திய அரசு பரிசாகக் கொடுத்த இரண்டு மீட்டர் சிலை, 2004 ஜூன் 18 அன்று திறந்தார்கள். நிஜம்தான். ஆனால் அந்தச் சிலை முன்னால் நரபலி நடந்தது என்று 2016இல் சுற்றிய வீடியோ யாரோ விளையாட்டுக்கு எடுத்தது. ஒரே சிலை, ஒரு உண்மை, ஒரு பொய். அனுப்பியவர் யார், கேட்க எப்படி இருக்கிறது என்று வைத்துத் தீர்ப்பு சொல்வது எவ்வளவு ஆபத்து என்று எனக்கே புரிந்தது, மாமாவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

ஏஐயிடம் கேட்பது, இன்னும் சில

ஏஐ சாட்டில் மூன்றையும் கேட்டேன். திருநள்ளாறை வதந்தி என்றது, முள்சீத்தாவுக்கும் பொறுப்பான பதில்தான். ஆதாரம் கேட்டபோது கொடுத்த மூன்று இணைப்பில் ஒன்று, திறந்தால் அப்படிப் பக்கமே இல்லை. 2023இல் நியூயார்க்கில் இப்படித்தான் சில வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அடுத்த வருடம் கூகுளின் ஏஐ பதில், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்றது, ரெடிட்டில் பத்து வருடத்துக்கு மேல் பழைய ஒரு நக்கலை அப்படியே எடுத்து. நாம் படிக்கும் அதே குப்பையையும்தான் அதுவும் படிக்கிறது. கேட்கும் விதத்துக்கு ஏற்ப வளைவதும் உண்டு, "முள்சீத்தாவை எந்த அளவில் குடித்தால் புற்றுநோய் குணமாகும்" என்று கேட்பதும் "குணமாகுமா" என்று கேட்பதும் ஒன்றில்லை. இது உண்மையா என்று கேட்காமல், இதை முதலில் சொன்னது யார், எந்த இதழில் பார்க்கலாம் என்று கேட்டால் நல்ல எடுபிடி. நீதிபதி வேலைக்கு எடுக்க மாட்டேன்.

தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்று பார்க்கும் வசதி பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் அடிக்கடி கைகொடுக்கும். உரிமையாளர் பெயர் 2018க்குப் பிறகு பெரும்பாலும் மறைத்துத்தான் வருகிறது, தேதி மட்டும் தெரியும். "25 ஆண்டு சேவையில்" என்று பீற்றிக்கொண்ட சித்தப்பாவின் தளம் ஐந்து மாதக் குழந்தை. ஆனால் பழைய பெயரை விலைக்கு வாங்கியும் நடத்தலாம் என்பதால், புதியது என்றால் சந்தேகப்படலாம், பழையது என்பதற்காக நம்ப முடியாது. தெரிந்தவரிடம் கேட்பது? தெரிந்தவருக்கு எது தெரியும் என்பதைப் பொறுத்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கேட்கலாம்.

இப்போது நான் செய்வது

பணம் கட்டும் வேலை என்றால் தேடுவதே இல்லை. அரசு, வங்கி, மின்வாரியம் எதுவானாலும் ஒரு தடவை சரியான முகவரியைப் பழைய ரசீது, பாஸ்புக், அலுவலகப் பலகை என்று இணையத்துக்கு வெளியே இருந்து எடுத்துச் சேமித்து வைத்துக்கொண்டேன், சித்தப்பா போனிலும் போட்டுக் கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்தில் கூகுள் தேடல் எல்லா வழியையும்விட மோசம் என்பது என் கட்சி. பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே ஒரு காலம் போலித் தளங்களின் பட்டியலைப் போட்டு எச்சரித்தார்கள், டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் என்று எல்லா வாலும் அதில் இருந்தது. கட்டிவிட்டோம், தப்பு என்று தெரிந்துவிட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும், பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பிருக்கிறது. இரண்டு வாரம் காத்திருந்து விட்டு சித்தப்பா அழைத்தபோது புகார் எண்தான் கிடைத்தது.

உடம்பு விஷயம் என்றால் எவ்வளவு நேரமானாலும் வேர் வரை போகிறேன், என்னால் முடியாவிட்டால் மருத்துவரிடமே கேட்கிறேன், அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு. வெறும் ஃபார்வர்டு என்றால் ஒரு நிமிடம் வெளியே போய்த் தேடுவது, அதற்குள் கிடைக்காவிட்டால் அனுப்பாமல் விடுவது.

பெரியம்மா வீட்டுக் கொல்லையில் முள்சீத்தா மரம் இன்னும் நிற்கிறது. இலையைக் காய்ச்சிக் குடிப்பதை டாக்டர் சொன்னதும் நிறுத்திவிட்டார். பழம் பழுத்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறார். போன வாரம் குழுவில் இன்னொன்று அனுப்பியிருந்தார், வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீர் சர்க்கரையை வேரோடு அறுக்குமாம், கீழே "இது விதையா கிண்ணமா பார்த்துச் சொல்லு" என்று ஒரு வரி.